கேஸ் வேண்டாம், மிரட்டினால் போதும்!

2025 ஜூன் மாதக் கடைசி. காலையில் டிகாக்‌ஷனை இறக்கிவிட்டுப் பேப்பரைப் பிரித்தேன். சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் காளி கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் இறந்துவிட்டார் என்று செய்தி. இருபத்தேழு வயதுப் பிள்ளை. கோயிலுக்கு வந்தவர்களின் காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கக் கூட்டிப் போனார்களாம். அப்புறம் நடந்ததெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். உடம்பில் 44 காயங்கள் என்று உயர்நீதிமன்றத்திலேயே கேள்வி எழுந்தது, ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அன்றைக்கு என் அடுப்பில் பால் பொங்கி மேடை முழுக்க வழிந்தது. "என்ன யோசனை உனக்கு?" என்று வந்தார் இவர். பேப்பரை நீட்டினேன். படித்தார். மடித்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். இரண்டு பேருக்கும் ஒரே ஞாபகம்தான். பத்து வருஷமாக வீட்டில் வாய்விட்டுப் பேசாத ஞாபகம்.

இந்தப் பத்திரிகைக்கு நான் எழுதிப் போட்டதெல்லாம் இலைவடாம் பிழிகிற பக்குவம், குழந்தைக்கு வசம்பு உரைக்கிற விதம் என்ற ரகம்தான். சட்டம் பேச எனக்கு என்ன தகுதி? ப்ளஸ் டூ வரை படித்தவள், அதிலும் கணக்கில் இரண்டாம் தரம் எழுதிப் பாஸானவள். இருந்தாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சட்டத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. தப்புச் செய்துவிட்டுக் கற்றேன்.

2015, ஆவணி மாதம். என் நாத்தனார் பெண்ணுக்குக் காது குத்தல். ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். வந்த மறுநாள் பார்க்கிறேன், பீரோவில் என் மூன்றரைப் பவுன் சங்கிலியைக் காணோம்! கல்யாணத்துக்கு அம்மா போட்டது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்து வாங்கிய நகை. பீரோவைக் கவிழ்த்தேன், கட்டிலை நகர்த்தினேன், தலையணை உறையைக்கூட உதறினேன். இல்லை.

எங்கள் படுக்கையறைக்குள் வெளியாள் என்று வந்து போவது பாக்கியம் ஒருத்திதான். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) என்னைவிட ஒரு வயது இளையவள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்தவள். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது பத்தியச் சோறுகூட அவள் வடித்துக் கொடுத்திருக்கிறாள். நாங்கள் ஊருக்குப் போன இரண்டு நாளும் மாமியாருக்குத் துணையாக அவள்தான் வீட்டில் படுத்தாள்.

எனக்கு அவள் பெயர் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கூசவைக்கிறது. நாத்தனார் வீட்டில் நாற்பது பேர் வந்து போனார்கள், பையைத் திறந்த இடத்தில் வைத்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன். அந்த நாற்பது பேரில் ஒருத்தரைக்கூட நான் சந்தேகிக்கவில்லை. சொந்தக்காரர்கள் அல்லவா!

மாமியார் மட்டும், "ஏம்மா, அவ அப்படிச் செய்ய மாட்டா. நல்லா யோசிச்சுப் பாரு, எங்கயாவது வெச்சிருப்பே" என்றார்கள். நான் காதில் வாங்கவில்லை.

இவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு எஸ்.ஐ. பழக்கம். போனில் பேசினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எழுதிப் புகார் கொடுக்கிறீர்களா என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார் போல. இவர் என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். கோர்ட்டு, சாட்சி என்று யார் அலைவது? "கேஸெல்லாம் வேண்டாம்னு சொல்லுங்க. கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டினா போதும், தானா கொண்டுவந்து கொடுத்திடுவா."

இந்த வார்த்தையைச் சொன்னவள் நான்தான். இவர் அப்படியே போனில் ஒப்பித்தார். ஒரு பெரிய மனசு பண்ணியதாகக்கூட எனக்கு நினைப்பு. ஏழைப் பெண், கேஸ் என்று போட்டால் ஜெயிலுக்குப் போவாள், பாவம், மிரட்டலோடு விட்டுவிடலாம் என்று! தயவு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் செய்த காரியம் இருக்கிறதே...

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பாக்கியத்துக்குப் போன் வந்திருக்கிறது, "ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ" என்று. வேறொரு வீட்டில் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றுகிறவர், வெளியூரில் இருந்தார்.

ராத்திரி ஏழரை மணி இருக்கும். வாசலில் அவள் பெண் வந்து நிற்கிறது. எட்டாம் வகுப்பு, இன்னும் யூனிபாரம் மாற்றவில்லை. "அத்தை, அம்மா இங்க இருக்காங்களா? எந்த வீட்லயும் இல்லை" என்றது.

எனக்குத் தெரியும் அவள் அம்மா எங்கே இருக்கிறாள் என்று. சொல்ல வாய் வரவில்லை. "வந்துருவாம்மா, பயப்படாதே" என்றேன். அதோடு விட்டேனா? தோசை வார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு தோசையை இலையில் வைத்துச் சட்னி ஊற்றிக் கொடுத்தேன். "அப்புறமா சாப்பிடறேன் அத்தை" என்று ஒரு கவரில் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஒன்பதே காலுக்கு இவருக்குப் போன். "ஒத்துக்க மாட்டேங்கறா சார். அழுத்தமான ஆளு. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கேன்."

மூன்று நாள் இப்படி. தினமும் சாயங்காலம் போவாள், ராத்திரி அனுப்புவார்கள். புகார் எழுதவில்லை, ரசீது இல்லை, எந்த நோட்டிலும் அவள் பெயர் இல்லை. நாலாம் நாள் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டு வேலைக்கு அவள் வரவில்லை. நானும் "கள்ளி, முகத்தில் முழிக்க வெட்கம்" என்று தீர்மானித்துக்கொண்டேன். தெருவுக்கே செய்தி பரவி, மற்ற இரண்டு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னால், உளுந்துக் கொழுக்கட்டைக்காகப் பரண் மேலிருந்த பெரிய டப்பாவை இறக்கினேன். உளுந்தை முறத்தில் கொட்டினால், அடியிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சு உருண்டது. உள்ளே சங்கிலி!

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் ஊருக்குப் போகும்போது பருப்பு டப்பாவில் நகை ஒளிப்பவர்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் அம்மா அரிசிக் குதிரில் வைப்பாள். அந்தப் பழக்கம் எனக்கும். காது குத்தலுக்கு வேறு சங்கிலி போட்டுக்கொண்டு, இதை உளுந்துக்குள் புதைத்துவிட்டுப் போனது அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று இவர் வாசலில் நின்று கத்தியதுகூட ஞாபகம் வந்தது.

அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முறத்து உளுந்தெல்லாம் சிதறிக் கிடந்தது. மாமியார் வந்து பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்து உளுந்தைக் கூட்ட ஆரம்பித்தார்கள்.

இவர் வந்ததும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "யார்கிட்டயும் சொல்லிக்காதே. கிடைச்சுதுன்னு தெரிஞ்சா நம்ம மேலயே திருப்பிக் கேஸ் போட்டாலும் போடுவாங்க. கொஞ்ச நாள் போனா எல்லாம் மறந்துடும்." கெட்ட மனிதர் இல்லை இவர். பயந்த மனிதர். ஆனால் அந்த ராத்திரி மாமியார் பிள்ளையைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எங்க தாத்தா காலத்துல வரி கட்டாதவனைக் கிட்டி போட்டு நெருக்குவாங்களாம். இப்ப ஃபோன் போட்டா போதும் போலிருக்கு." மறுநாள் காலையில் புடவையை மாற்றிக்கொண்டு, "வா, நான் கூட வரேன்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பாக்கியம் வீட்டு வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து கை துடைத்துக்கொண்டாள். நான் சொல்ல வேண்டியதை எப்படியோ சொன்னேன். அழுதேன். அவள் அழவில்லை. "கிடைச்சிருச்சா? நல்லது. அம்மா போட்ட சங்கிலின்னு சொல்லுவீங்களே" என்றாள்.

"உன்னை அடிச்சாங்களா பாக்கியம்?"

"அடிக்கலைக்கா. ஒரே ஒரு அறைதான். அதுவும் மொத நாள். மத்தபடி நிக்க வெச்சிருந்தாங்க. பாத்ரூம் போகணும்னு கேட்டதுக்குத்தான் சிரிச்சாங்க."

பொம்பளைப் போலீஸ் இருந்தார்களா என்று கேட்டேன். மூன்று நாளில் ஒரு நாள் அரை மணி நேரம் ஒரு பெண் வந்துவிட்டுப் போனாளாம்.

பிறகு அவள் ஒன்று கேட்டாள். "அக்கா, இதை அங்க வந்து சொல்லுவீங்களா? என் பேரு அவங்ககிட்ட இருக்கு. நாளைக்கு எந்த வீட்ல எது காணோம்னாலும் என்னைத்தானே கூப்பிடுவாங்க?"

போனோம். மாமியார், நான், பாக்கியம் மூன்று பேரும். இவரும் கடைசியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அந்த எஸ்.ஐ. அன்றைக்கு இல்லை. ஸ்டேஷனில் எழுத்தர் மேஜையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நகை கிடைச்சிருச்சில்ல, அப்புறம் என்னம்மா? இந்த அம்மா மேல கேஸே கிடையாதே. எதைம்மா அடிக்கச் சொல்றீங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேஸ் போட்டிருந்தால் ரத்து செய்யலாம். எழுதியிருந்தால் அடிக்கலாம். எழுதாமல் செய்ததை எங்கே போய் அழிப்பது?

அதன் பிறகு மூன்று, நான்கு மாதம் கழித்து, எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்குச் சட்ட உதவி முகாம் என்று ஒரு வக்கீல் அம்மா வந்தார்கள். சொத்து, ஜீவனாம்சம் என்று எல்லாரும் கேட்டு முடித்த பிறகு, கடைசியாகப் போய்த் தனியாக நின்றேன். "தெரிஞ்சவங்க வீட்ல நடந்ததும்மா" என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் அவர்கள் என் முகத்தைப் பார்த்து, "உங்க வீட்லயா?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன்.

அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அடக்குமுறை, அதிகார துஷ்பிரயோகம் என்றெல்லாம் பேப்பரில் படிக்கும்போது தடியடி, துப்பாக்கிச் சூடு என்றுதான் என் கண்முன் வரும். அந்த அம்மா சொன்னது வேறு. "அதிகாரங்கிறது யாருக்கும் சொந்தச் சொத்து இல்லம்மா. ஒரு காரியத்துக்காக, ஒரு வழியைச் சொல்லிச் சட்டம் கையில் கொடுத்தது. காரியம் மாறினாலும் துஷ்பிரயோகம், வழி மாறினாலும் துஷ்பிரயோகம். ரத்தம் வந்தாதான்னு இல்லை."

எனக்கு உடனே எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சில்லறை டப்பா ஞாபகம் வந்தது. பால்காரனுக்கு என்று எண்ணி வைத்த பணத்தில் புடவைக்குத் தவணை கட்டினால் திருட்டில்லை, வீட்டுப் பணம்தான். ஆனாலும் மாமியார் விடுவாரா? அது இதற்கென்று வைத்தது அல்லவா!

அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு என்ன சொன்னது என்றால், விசாரணைக்காக ஒரு பெண்ணை அவள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கேயும் வரச் சொல்லிப் போலீஸ் கட்டாயப்படுத்தக் கூடாது. கேட்க வேண்டுமானால் அவர்கள்தான் வீட்டுக்கு வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டன. இப்போது இது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 179-ஆம் பிரிவு. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பையன்கள், அறுபது வயதைத் தாண்டிய ஆண்கள், உடலோ மனமோ குன்றியவர்கள், கடும் நோயாளிகள், இவர்களுக்கும் இதே பாதுகாப்பு. தானாக விரும்பி ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றால் வரலாம், அவ்வளவுதான். பாக்கியம் விரும்பியா போனாள்? "போலீஸ் கூப்பிட்டா போகாம இருக்க முடியுமாக்கா?" என்று அவள் என்னையே கேட்டிருக்கிறாள்.

"இதெல்லாம் ஏழைப் பெண்ணுக்கு யார் பார்க்கிறாங்க" என்றேன். அதற்கு அந்த அம்மா ஒரு கதை சொன்னார்கள். கதை இல்லை, நிஜம். நந்தினி சத்பதி என்று ஒரிசாவில் முதலமைச்சராக இருந்த பெண்மணி. பதவி போன பிறகு, 1977-இல், ஒரு விசாரணைக்காக அவரையே கட்டாக்கில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைத்துக் கேள்விகளைக் கொடுத்தார்கள். பதில் சொல்ல மறுத்தார் என்று அவர் மேல் வழக்கு. சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1978-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். ஒரு பெண்ணைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னதே சட்டத்தை மீறியது என்று கண்டித்தார். தன்னைத் தானே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை, கோர்ட்டுக்குள் மட்டுமல்ல, போலீஸ் கேட்கும்போதே உண்டு என்றும் அதில் சொன்னார். முதலமைச்சராக இருந்தவருக்கு வந்த அதே தொல்லைதான் எங்கள் தெருப் பாக்கியத்துக்கும். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். இவள் துணி அலசப் போனாள்.

இன்னொன்றும் சொன்னார்கள். ஷீலா பர்ஸே என்ற பத்திரிகைக்காரப் பெண், 1982-இல் பம்பாய் சிறையில் பதினைந்து பெண் கைதிகளைச் சந்தித்துப் பேசினார். அதில் ஐந்து பேர், போலீஸ் லாக்கப்பில் தங்களை அடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெறும் கடிதம்தான்! அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1983-இல் உத்தரவு போட்டார்கள்: பெண்களுக்குத் தனி லாக்கப், அதற்குப் பெண் காவலர்கள்தான் காவல், பெண்களை விசாரிப்பது பெண் போலீஸ் முன்னிலையில் மட்டுமே. பாக்கியத்தை நிற்க வைத்த அந்த அறையில் மூன்று நாளில் அரை மணி நேரம் மட்டும் பெண் போலீஸ் இருந்தாள் என்றேனே, அது இந்த உத்தரவு வந்து முப்பத்திரண்டு வருஷம் கழித்து.

பொழுது சாய்ந்த பிறகு, விடிவதற்கு முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். தவிர்க்க முடியாத காரணம் என்றால், பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன்கூட்டி எழுத்தில் அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும். 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை மீறிவிட்டார்கள் என்பதற்காக மட்டும் கைதே செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் ஏன் மீறினோம் என்று அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகையால் இதைப் பூட்டாக நினைத்து முழுக்க நம்பிவிடாதீர்கள். ஆனாலும் கேட்டுவிடுங்கள். கேட்டாலே பாதி அடங்கும் என்றார்கள் அந்த அம்மா.

மீறினால் என்ன தண்டனை? இதைக் கேட்டு நானே அசந்துபோனேன். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 166ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இன்ன இடத்துக்கு ஆளை வரவழைக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருக்க, தெரிந்தே அதை மீறி வரவழைக்கும் அரசு ஊழியருக்கு, குறைந்தது ஆறு மாதம், அதிகம் போனால் இரண்டு வருஷம் கடுங்காவல். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 199-ஆம் பிரிவு. அடிக்கக்கூட வேண்டாம், கூப்பிட்டதற்கே!

அடித்தால் அது வேறு பிரிவு. திருட்டுப் பொருளை எடுத்துக் கொடு என்றோ, குற்றத்தை ஒத்துக்கொள் என்றோ ஒருவரைக் காயப்படுத்தினால் ஏழு வருஷம் வரை சிறை. 1860-ஆம் வருஷத்துச் சட்டப் புத்தகத்திலேயே 330-ஆம் பிரிவில் இது இருக்கிறதாம். விளக்குவதற்கு ஒரு உதாரணமும் போட்டிருக்கிறார்களாம்: திருட்டுச் சொத்து எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி ஒரு போலீஸ் அதிகாரி ஒருவரைச் சித்திரவதை செய்கிறார், அது குற்றம் என்று. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே யாரோ எங்கள் வீட்டுக் கதையைப் புத்தகத்தில் எழுதி வைத்த மாதிரி இருந்தது எனக்கு! அதற்கும் முன்னால், 1855-இல், நம் சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் செய்த சித்திரவதைகளைப் பற்றி விசாரிக்கக் கமிஷன் போட்டு அறிக்கை வாங்கியிருக்கிறார்கள். விரல்களை மரச்சட்டத்துக்குள் வைத்து நெருக்கும் கிட்டியைப் பற்றி அதில் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதும், மாமியாரின் தாத்தா ஞாபகம் வந்தது.

இவ்வளவும் கேட்ட பிறகு கடைசியாக என் கேள்வியைக் கேட்டேன். "அப்ப நான்?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்கள். "தெரிஞ்சே பொய்த் தகவல் கொடுத்து அரசு ஊழியரை ஒருத்தர் மேல ஏவிவிட்டா அது தனிக் குற்றம். நீங்க நம்பித்தான் சொன்னீங்க, அதனால அது வராது. ஆனா ஒரு குற்றத்தைச் செய்யச் சொல்லித் தூண்டறதும் குற்றம்தாம்மா. 'கேஸ் வேண்டாம், மிரட்டுங்க'ன்னா அதுக்கு என்ன அர்த்தம்? சட்டப்படி செய்யாதீங்க, சட்டத்துக்கு வெளியில செய்யுங்கன்னுதானே?"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேஸ் என்பது கொடுமை, மிரட்டல் என்பது தயவு என்று நினைத்திருந்தேனே, அப்படியே தலைகீழ்! கேஸ் என்றால் நான் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்திருக்க வேண்டும். நகையைக் கடைசியாக எங்கே பார்த்தாய், யார் யார் வந்தார்கள் என்று போலீஸ் முதலில் என்னைத்தான் குடைந்திருக்கும். அந்தக் கேள்வியிலேயே எனக்கு உளுந்து டப்பா ஞாபகம் வந்திருந்தாலும் வந்திருக்கும். அவளைக் கைது செய்திருந்தால்கூட இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், அவளுக்காக ஒரு வக்கீல் பேசியிருப்பார். அந்த எட்டாம் வகுப்புப் பெண் வீடு வீடாகத் தேடியிருக்க வேண்டாம். காகிதத்தில் எழுதுவது அவளுக்குப் பாதுகாப்பு. எழுதாமல் செய்தது எனக்குச் சௌகரியம்.

பாக்கியத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அரசாங்கமே இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கும், மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது (இப்போது 15100 என்ற போன் நம்பரும் இருக்கிறது), மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருஷத்துக்குள் மனுப் போடலாம், நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். இவருக்குக்கூடத் தெரியாமல்தான் அந்த வாக்கைக் கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "அந்த ஸ்டேஷன் வாசல்ல நான்தானே தினம் நடக்கணும். அதெல்லாம் வேண்டாம்க்கா. எனக்கு வேலை வேணும். அந்த ரெண்டு வீட்ல நீங்களே வந்து சொல்லுங்க, போதும்."

சொன்னேன். இரண்டு வீட்டுப் பெண்மணிகளிடமும் போய், உளுந்து டப்பாவிலிருந்து சங்கிலி எடுத்த கதையை ஒளிக்காமல் சொன்னேன். ஒருத்தி அன்றைக்கே அவளை வரச் சொல்லிவிட்டாள். இன்னொருத்தி உச்சுக் கொட்டினாள், பரிதாபப்பட்டாள், காபி கொடுத்தாள். கடைசியில், "இருந்தாலும் ஸ்டேஷன் வரைக்கும் போய் வந்தவளை..." என்று இழுத்தாள். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

இப்போது என் வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்: எது காணாமல் போனாலும் முதலில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம், கிடைக்காவிட்டால் நான் எழுத்தில் புகார் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குவேன், உன்னை யாராவது ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் போகாதே, வீட்டுக்கு வந்து கேட்கச் சொல், எனக்குப் போன் பண்ணு. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வேலைக்குச் சேரும்போதே இப்படிப் பேசுகிற அம்மா யாராவது உண்டா! சமையலறையில் நாள்காட்டிக்குப் பின்னால் 15100 என்று பெரிதாக எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேஸ் சிலிண்டர் நம்பர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நகையை பாங்க் லாக்கருக்கு மாற்றியாயிற்று.

பாக்கியம் எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேலைக்கு வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை, கூப்பிட எனக்கு முகமில்லை. கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவாள். அந்தப் பெண் நர்ஸிங் முடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது.

மடப்புரம் செய்தி வந்த வாரம் காய்கறி மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். எனக்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள். "பேப்பர் பாத்தீங்களாக்கா? அந்தப் பையனோட அம்மாவை டி.வி.யில காட்டினாங்க. என்னால பாக்க முடியலை, அணைச்சுட்டேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே நின்றேன்.

"அன்னிக்கு என் பொண்ணுக்குத் தோசை குடுத்தீங்கல்ல" என்றாள். "அது சாப்பிடலைக்கா. அப்படியே கொண்டாந்து வெச்சிருந்துச்சு. நான் ராத்திரி பத்து மணிக்கு வந்தப்ப வீட்ல வேற ஒண்ணும் இல்லை. எங்க வாங்கினதுன்னு கேக்காமத்தான் தின்னேன்."

அதற்குள் மினி பஸ் வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு, "வரேங்க்கா" என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.